கண்ணாடியில் தெரியாத பெட்டி

மெல்பேணில் டண்டினோங் பக்கமோ, சிட்னியில் பென்டில் ஹில் பக்கமோ ஒரு சனிக்கிழமை காலை தெருவழியே நடந்து பாருங்கள். வீட்டு வாசல்களில் சின்னஞ்சிறு இரும்புப் பெட்டி ஒன்று இரண்டு சக்கரத்தில் நிற்பதைக் காண்பீர்கள். சிலது காரின் பின்னால் கொழுவியபடி நிற்கும். சிலது மூக்கை நிலத்தில் ஊன்றியபடி புல்லுக்குள் கிடக்கும். இந்த நாட்டவருக்கு அது மண்வெட்டியைப் போல, புல்வெட்டும் இயந்திரத்தைப் போல, வீட்டுப் பாவனைப் பொருள்களில் ஒன்று. வந்து ஒரு வருடத்துக்குள் எம்மவர்க்கும் அதனோடு வேலை வந்துவிடுகிறது.

வாடகை வீடு மாறும்போது கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் ஏற்ற வேண்டும். யாரோ இலவசமாகத் தருகிற சோபாவை இன்றைக்கே வந்து எடுத்துப் போகச் சொல்வார்கள். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் வளவைத் துப்புரவாக்கி, வெட்டிய கிளைகளைக் குப்பை கொட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் முற்பணத்தில் கைவைத்து விடுவார்கள். புல்வெட்டும் தொழிலிலும் தோட்டவேலையிலும் இறங்கிய எமது இளைஞர்களுக்கோ அந்தப் பெட்டிதான் கடை, களஞ்சியம், முதல் எல்லாமே. பெற்றோல் நிலையத்திலோ இரும்புச் சாமான் கடையிலோ சில மணித்தியாலங்களுக்கு வாடகைக்கு எடுக்கலாம். நண்பரிடம் இரவலும் வாங்கலாம். கொழுவிக்கொண்டு முன்னோக்கி ஓடுவது பெரிய வித்தை அல்ல. திருப்பங்களில் ரெயிலர் உள்மூலையை வெட்டிக்கொண்டு வரும், நிறுத்துவதற்குக் கூடுதல் தூரம் வேண்டும், இவ்வளவையும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

சிக்கல் பின்னோக்கி எடுக்கும்போதுதான் தொடங்குகிறது. இதை எமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இங்கே சாதாரண கார் அனுமதிப்பத்திரத்துக்கான ஓட்டப் பரீட்சையில் ரெயிலர் என்ற பேச்சே கிடையாது. கார் ஓட்டத் தெரிந்தால் ரெயிலரும் இழுக்கலாம் என்று சட்டம் விட்டுவிடுகிறது. பிறகு குப்பை நிலையத்தில், பின்னால் ஆறேழு வாகனங்கள் வரிசையில் காத்து நிற்க, முதன்முதலாக அதைப் பின்னோக்கித் தள்ளும்போதுதான் எம்மவர் பலருக்கு அந்தப் பாடம் ஆரம்பமாகிறது. அந்த வியர்வையைக் கண்டவர்கள் நாங்கள். அதனால்தான் இந்தப் பக்கங்களை இதற்கு ஒதுக்கினோம்.

“ரெயிலர் எங்களுக்குப் புதிதா?” என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். உழவு இயந்திரத்தின் பெட்டி தெரியாத வன்னிக் குடும்பம் உண்டா? லான்ட்மாஸ்ரர் என்று நாங்கள் பொதுப்பெயராகவே ஆக்கிவிட்ட இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் நெல்லும் போனது, விறகும் போனது, கலியாண வீட்டுக்குச் சனமும் போனது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோதும், 2008, 2009 இல் வன்னிக்குள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோதும், வீட்டில் மிஞ்சியதெல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் ஏறின. குழந்தைகளும் முதியவர்களும் மூட்டைகளுக்கு மேல் குந்தியிருந்து வந்தார்கள்.

ஆனால் அந்த அனுபவம் இங்கே பின்னோக்கி எடுக்க உதவாது. நான்கு சக்கர உழவு இயந்திரத்தில் சாரதி உயரத்தில், திறந்த வெளியில் இருக்கிறார். தலையைத் திருப்பினால் கொழுவியிருக்கும் கம்பியும் பெட்டியும் அதன் இரண்டு மூலைகளும் கண்ணுக்கு முன்னே. இருசக்கர இயந்திரத்தில் சாரதி இருப்பதே பெட்டியின் முன்பலகையோடு ஒட்டித்தான். இங்கேயோ நாம் காருக்குள் அடைபட்டு இருக்கிறோம். பெட்டி எமக்குப் பின்னால், எமது கண்மட்டத்துக்குக் கீழே, காரின் உடம்புக்குப் பின்னால் முழுதாக ஒளிந்திருக்கிறது.

அளவைப் பாருங்கள். இங்கே மிகச் சாதாரணமாகக் காணும் ரெயிலரை “ஆறுக்கு நாலு” என்பார்கள். ஆறு அடி நீளம், நான்கு அடி அகலம்; அதாவது தட்டு 1.8 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் கொண்டது. பக்கத் தகடுகள் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரம். சக்கரத்தையும் மட்காட்டையும் சேர்த்தாலும் ஒரு நடுத்தரக் காரின் அகலத்தை அது தாண்டுவதில்லை. வெறுமையாக நிற்கும்போது அதன் மேல்விளிம்பு வளர்ந்த ஒருவரின் இடுப்புக்கும் எட்டாது. ஆகவே கார் நேராக நிற்கும்போது பக்கக் கண்ணாடி இரண்டிலும் அது தெரியாது. வானிலோ உயரமான வாகனத்திலோ இருந்தால் உட்கண்ணாடியிலும் தெரியாது. அது ஒரு பக்கம் சரிந்த பிறகுதான் அதன் மூலை முதன்முதலாக ஒரு கண்ணாடியில் எட்டிப் பார்க்கும். அப்போது பாதிக் கெடுதி நடந்து முடிந்திருக்கும்.

பெரிய கரவனைப் பின்னோக்கி எடுப்பதுதான் கடினம், சின்னது இலகு என்று எம்மவர் நினைக்கிறார்கள். உண்மை மறுபக்கம். இழுவைப் பந்திலிருந்து ரெயிலரின் அச்சுவரை உள்ள தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆறுக்கு நாலில் அந்தத் தூரம் ஏறத்தாழ 2 மீற்றர். ஒரு கரவனில் அது இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். காரின் பின்புறம் ஒரு பக்கத்துக்குச் சற்று விலகினால், நீளமானது சோம்பலாகத் திரும்பும். குட்டையானது வெடுக்கென்று திரும்பும். அதனால் கரவன் ஓட்டி நாம் தவறு செய்தால் யோசிக்க நேரம் உண்டு. சிறிய ரெயிலரில் இல்லை. கண் சிமிட்டும் நேரத்தில் அது மடிந்து, முன்மூலை காரின் பம்பரிலோ பின்விளக்கிலோ போய்க் குத்திவிடும். காணவும் கடினம், திரும்புவதும் விரைவு. இந்த இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்திருப்பதுதான் தொல்லை.

இனிக் கையாளும் விதத்துக்கு வருவோம்.

பின்னோக்கிப் போகும்போது ஸ்ரியறிங்கை வலப்பக்கம் திருப்பினால் காரின் பின்புறம் வலப்பக்கம் போகும். அது ரெயிலரின் மூக்கை வலப்பக்கம் தள்ளும். ஆகவே ரெயிலரின் வால் இடப்பக்கம் போகும். எல்லாம் தலைகீழ். இதை மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு ஓட்ட முடியாது. அதற்கு இங்குள்ளவர்கள் பழகிவைத்திருக்கும் முறை ஒன்று உண்டு: கையை ஸ்ரியறிங்கின் மேற்பக்கத்தில் வைக்காமல் அடிப்பக்கத்தில், மணிக்கூட்டில் ஆறு மணி இருக்கும் இடத்தில், பிடித்துக்கொள்ளுங்கள். ரெயிலர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை அசையுங்கள். கை இடப்பக்கம் போனால் ரெயிலரும் இடப்பக்கம் போகும். அவ்வளவுதான். எமக்குத் தெரிந்தவரை, பதற்றத்திலும் மறக்காத ஒரே முறை இதுதான்.

நேராகப் பின்னோக்கிப் போகும்போது இன்னொரு விதத்தில் இதையே பார்க்கலாம். வலது கண்ணாடியில் ரெயிலர் தலைகாட்டினால் அது வலப்பக்கம் சரிகிறது என்று அர்த்தம். உடனே ஸ்ரியறிங்கையும் வலப்பக்கம், அதாவது ரெயிலர் தெரியும் கண்ணாடியின் பக்கம், சிறிதளவு திருப்புங்கள். அது மறையத் தொடங்கும். மறையத் தொடங்கியதும் ஸ்ரியறிங்கை நேராக்குங்கள். முழுதாக மறையும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் அது மற்றக் கண்ணாடியில் வந்து நிற்கும். புதியவர்கள் பாம்பு ஊர்ந்தது போலப் போவதற்குக் காரணம் இதுதான்: திருத்துவது பிந்துகிறது, திருத்தும்போது அளவும் மிஞ்சுகிறது. குட்டை ரெயிலருக்கு ஸ்ரியறிங்கில் நாலு விரல் அகலத் திருத்தம் போதும்.

டிரைவ்வேக்குள் வளைத்து எடுக்கும்போது மூன்று கட்டம் வரும். முதலில் கை போகவேண்டிய பக்கம் போய் ரெயிலரை வளைக்கிறது. வளைவு போதும் என்று கண்டவுடன் கை மெல்ல நடுவுக்குத் திரும்பி, நடுவையும் கடந்து மறுபக்கம் போகிறது. அப்போதுதான் கார் ரெயிலரின் பின்னால் வளைந்து வரும். கடைசியில் இரண்டும் ஒரே கோட்டில் வந்ததும் ஸ்ரியறிங் நேராகிறது. எம்மவர் பெரும்பாலும் பிசகுவது இரண்டாம் கட்டத்தில். வளைத்ததை வளைத்தபடியே விட்டுவிடுகிறார்கள், ரெயிலர் மடிந்துவிடுகிறது. ஒருமுறை அளவுக்கு மேல் மடிந்துவிட்டால் பின்னோக்கிப் போய் அதைச் சீராக்க முடியாது. எந்தப் பக்கம் ஸ்ரியறிங்கை முறித்தாலும் மேலும் மடியும். பிறேக்கைப் பிடியுங்கள். முன்னோக்கி ஒரு கார் நீளம் போங்கள். தானாக நேராகிவிடும். மீண்டும் தொடங்குங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்காக லொறி ஓட்டும் இந்த நாட்டுச் சாரதிகளும் இரண்டு மூன்று முறை முன்னே இழுத்துத்தான் சரிசெய்கிறார்கள், நின்று பாருங்கள்.

முடிந்தால் எப்போதும் வலப்பக்கமாக வளைத்து எடுக்கும்படி வந்து சேருங்கள். இங்கேயும் ஊரைப்போலச் சாரதி வலப்பக்கத்தில்தான் இருக்கிறார். வலப்பக்கம் வளையும் ரெயிலரை யன்னலால் தலையை வெளியே நீட்டி நேரே பார்க்கலாம். இடப்பக்கம் வளைந்தால் இடது கண்ணாடி ஒன்றுதான் துணை. கொஞ்சம் கூட வளைந்ததும் அதிலும் ரெயிலரின் பக்கத் தகடு மட்டுமே தெரியும், பின்மூலை எங்கே போகிறது என்று தெரியாது. வீடு இடப்பக்கம் இருந்தால், தெருவைச் சுற்றி மறுதிசையால் வந்தால் அது வலப்பக்கமாகிவிடும். இரண்டு நிமிடம் கூடச் செலவாகும். ஆனால் அப்போது எதிர்ப்பக்க வாகனங்களின் பாதையைக் கடக்க வேண்டும் என்பதால் அமைதியான தெருவில் மட்டும், இரு பக்கமும் தெரு வெறுமையாகும்வரை காத்திருந்து செய்யுங்கள்.

தெரியாத பொருளைத் தெரியவைப்பதுதான் அடுத்த வேலை. இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தும்புத்தடிக் கம்பு இரண்டோ, தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் வெள்ளை பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு இரண்டோ எடுத்து, ரெயிலரின் பின்மூலை இரண்டிலும் நிமிர்த்திக் கட்டிவிடுங்கள். நுனியில் பளிச்சென்ற செம்மஞ்சள் துணி ஒன்று. காரின் பின்கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் தெரியுமளவு உயரம் இருந்தால் போதும். இனிமேல் உட்கண்ணாடியில் இரண்டு கம்பங்களும் தெரியும். இரண்டும் பின்கண்ணாடியின் நடுவில் சமமாக நின்றால் ரெயிலர் நேர். ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கம் சரிகிறது. பக்கக் கண்ணாடியில் மூலை தலைகாட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புல்வெட்டும் தொழில் செய்யும் தம்பிமார் பக்கத்தில் உயரமான கம்பிக்கூடு வைத்த ரெயிலரை வாங்குவது சாமான் கொட்டாமல் இருக்க மட்டும் அல்ல. அது கண்ணாடியில் தெரியும் என்பதும் ஒரு காரணம். வீதியில் ஓடும்போது கம்பங்களைக் கழற்றி உள்ளே கட்டிவைத்துவிடுங்கள்.

புதிய கார்களில் பின்பக்கக் கமரா இருக்கிறதே என்பார்கள். ரெயிலர் கொழுவியதும் அந்தக் கமராவுக்குத் தெரிவது ரெயிலரின் முன்தகடு மட்டும்தான். அதற்கு அப்பால் என்ன நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. பின்பக்கச் சென்சர்களோ ரெயிலரையே தடை என்று எண்ணி விடாமல் கத்திக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போன காது உண்மையான எச்சரிக்கையையும் தள்ளிவிடும். கமரா மெத்த உதவுவது ரெயிலரைக் கொழுவும் நேரத்தில். பந்தைக் கொழுக்கியின் கீழே சரியாகக் கொண்டுவந்து நிறுத்த அதைவிட நல்ல வழி இல்லை. அதற்குப் பிறகு அதை நம்பாதீர்கள்.

ஆகவே ஒரு ஆள் வேண்டும். ஒரே ஒரு ஆள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எமது வீடுகளில் ரெயிலர் பின்னோக்கி வருகிறது என்றால் முற்றத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள். மாமா “வெட்டு, வெட்டு” என்பார். சித்தப்பா “ஒடிச்செடு” என்பார். எந்தப் பக்கம் வெட்டுவது, எதை ஒடிப்பது என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும்விட மோசமானது “றைற், றைற்” என்பது. ஊரில் பஸ் நடத்துநர் “றைற்” என்றால் போகலாம் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் பின்னால் நிற்பவர் வரலாம் என்ற எண்ணத்தில் “றைற்” என்கிறார்; இங்கே பிறந்து வளர்ந்த மருமகன் ஸ்ரியறிங்கை வலப்பக்கம் முறிக்கிறார். வேலி போய்விடுகிறது. சொற்களை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். “வரலாம்”, “நில்” என்ற இரண்டும் போதும். பக்கத்தைக் கையால் காட்டட்டும்: ரெயிலரின் வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம். ஸ்ரியறிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்பது சாரதியின் பாடு.

வழிகாட்டுபவர் ரெயிலரின் நேர் பின்னால் நிற்கக்கூடாது. சாரதியின் பக்கத்தில், ரெயிலரின் பின்மூலைக்குச் சற்று வெளியே, தமது முகம் சாரதியின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். முகம் மறைந்தால் அந்தக் கணமே பிறேக். கூப்பிட்டுப் பார்ப்பது, இன்னும் ஓரடி வரட்டும் என்பது, எதுவும் கிடையாது.

அந்த ஆள் ஒருபோதும் சிறுவராக இருக்கக்கூடாது. எமது குடும்பங்களில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் தலையில் நாம் நிறையப் பொறுப்பைச் சுமத்திவிடுகிறோம். ஆங்கிலக் கடிதம் வாசிப்பது அவர்கள், வைத்தியரிடம் மொழிபெயர்ப்பது அவர்கள், தொலைபேசியில் மின்சாரக் கம்பனியோடு பேசுவது அவர்கள். அந்தத் தொடரில் “பின்னால நிண்டு பார், தம்பி” என்பதும் வந்துவிடுகிறது. தகப்பன் சொன்ன சொல்லுக்காகப் பிள்ளை விலகாமல் நிற்கும். பெட்டி வெடுக்கென்று திரும்பும்போது எந்தப் பக்கம் ஓடுவது என்று அதற்குத் தெரியாது.

இந்த நாட்டில் வீட்டு முற்றத்தில், டிரைவ்வேயில், மெதுவாக நகரும் வாகனத்தின் கீழ் அகப்பட்டுப் பிள்ளைகள் இறக்கும் விபத்துகள் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. அகப்படுவது பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள். ஓட்டியவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர்; தாய், தகப்பன், பேரன், மாமன். வேகமாக ஓடியதால் நடந்ததும் அல்ல. தெரியாத இடத்தில் பிள்ளை நின்றதால் நடந்தது. சாதாரண காருக்குப் பின்னாலேயே ஒரு மூன்று வயதுப் பிள்ளை தெரியாது. சிறிய ரெயிலரைக் கொழுவியதும் அந்த மறைவிடம் மேலும் மூன்று மீற்றர் நீள்கிறது. காருக்கும் பெட்டிக்கும் நடுவில் இழுவைக் கம்பியைச் சுற்றி ஒரு முக்கோண இடைவெளி வேறு உண்டாகிறது. ஒரு குழந்தை தாராளமாக அதற்குள் புகுந்து நிற்கலாம். இன்னும் ஒன்று: பிள்ளைகளுக்குத் தட்டு என்றால் ஏறி விளையாடும் இடம். ஊரில் பெட்டிக்குள் ஏறி இருந்து வந்த கதைகளை அவர்கள் கேட்டும் இருப்பார்கள்.

ஆகவே சாவியைப் போடும் முன் பிள்ளைகள் எங்கே என்று எண்ணுங்கள். நினைவால் அல்ல, கண்ணால். வீட்டுக்குள் வளர்ந்த ஒருவர் அவர்களைக் கூட வைத்திருக்க, கதவு பூட்டியிருக்க வேண்டும். சிறிய பிள்ளை என்றால் கையில் தூக்கி வைத்திருப்பதே மேல். அப்பா வந்துவிட்டார் என்ற சந்தோசத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடிவரும் நேரம்தான் பொல்லாத நேரம். அதன்பின் வாகனத்தையும் ரெயிலரையும் ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள், தட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். சுற்றி நடந்த பிறகு யாரோடும் நின்று கதைக்காமல் நேரே ஏறி எடுங்கள். ஐந்து நிமிடம் கதைத்துவிட்டால் மறுபடி நடக்க வேண்டும். டிரைவ்வேக்குக் குறுக்கே நடைபாதை இருந்தால் அதில் போவோருக்கு இடம் விடவேண்டியது சாரதியின் கடமை. ஸ்கூட்டரில் வரும் பள்ளிப் பிள்ளைகள் சத்தமில்லாமல் வருவார்கள். ஒரே டிரைவ்வேயை மூன்று நான்கு வீடுகள் பகிரும் தொடர்மனைகளில் இருப்பவர்கள், தம் பிள்ளைகளோடு அயலவரின் பிள்ளைகளையும் எண்ண வேண்டும்.

சில நேரங்களில் பின்னோக்கி எடுக்கவே தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். வெறும் ஆறுக்கு நாலு ரெயிலரின் நிறை 200 கிலோவைச் சற்றுக் கடந்திருக்கும். சமதரையில் இரண்டு பேர் கையால் தள்ளிவிடலாம். தெரு ஓரத்தில் காரை நிறுத்தி, முன்னால் உள்ள சிறிய சக்கரத்தை இறக்கி, ரெயிலரைக் கழற்றி, தள்ளிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் விடுங்கள். நாலு முறை முன்னும் பின்னும் போய் வியர்ப்பதைவிட இது கெட்டித்தனம். ஆனால் சமதரையில் மட்டும். இந்தச் சிறிய ரெயிலர்களுக்குத் தமக்கென்று பிறேக்கே இல்லை. சரிவில் கழற்றினால் இரண்டு பேர் அல்ல, நாலு பேராலும் பிடிக்க முடியாது. கழற்றும் முன் இரண்டு சக்கரத்துக்கும் செங்கல் வையுங்கள்.

எமது பெண்களுக்கும் ஒரு சொல். பாரமான வாகன வேலை என்றதும் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. தனியே பிள்ளைகளோடு வந்த தாய்மார் பலர் இருக்கும் சமூகம் எமது. அண்ணன் வரும்வரை சோபா மழையில் நனையும். ரெயிலரைப் பின்னோக்கி எடுக்க உடற்பலம் வேண்டியதில்லை. பொறுமையும் மெதுவாகப் போகும் மனமும்தான் வேண்டும். அவை யாரிடம் அதிகம் என்பதை வாசகரே அறிவர்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ரெயிலருக்குத் தனி இலக்கத் தகடும் தனிப் பதிவும் உண்டு. இரவல் வாங்கும்போது பதிவு நடப்பில் இருக்கிறதா என்று மாநிலப் போக்குவரத்து அதிகாரசபையின் இணையத்தளத்தில் இலக்கத்தைப் போட்டுப் பார்க்கலாம். விக்ரோறியாவில் கற்போர் அனுமதியில் இருப்பவர்கள் ரெயிலர் இழுக்கக்கூடாது. சிவப்புப் பீ தகட்டுக்காரருக்கும் வேலைக்காக இழுப்பது போன்ற சில விலக்குகள் தவிர அனுமதி இல்லை. நியூ சவுத் வேல்ஸில் விதி வேறு. அந்தந்த மாநிலத்தில் கேட்டறியுங்கள். ரெயிலருக்குள் ஆள் ஏற்றுவது எங்கும் குற்றம், பக்கத்துத் தெருவரைதான் என்றாலும். பாரத்தை வலையாலோ படங்காலோ மூடிக் கட்ட வேண்டும்.

பிறேக் இல்லாத ரெயிலருக்குப் பாரத்தோடு சேர்த்து 750 கிலோ எல்லை. இங்கேதான் மண் ஏற்றுபவர்கள் ஏமாறுகிறார்கள். தட்டு மட்டமாக நிரம்பினால் அதன் கொள்ளளவு 0.65 கன மீற்றர். பார்வைக்குச் சின்னப் பெட்டிதான். அதையே ஈர மண்ணால் நிரப்பினால் ஏறத்தாழ ஒரு தொன் வந்துவிடும். பாதித் தட்டுக்கு மேல் மண் போடாதீர்கள். உங்கள் காரின் இழுவை எல்லை அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கைநூலைப் பாருங்கள்.

காப்புறுதி பற்றி ஒரு தவறான எண்ணம் எம்மவரிடையே பரவியிருக்கிறது. வாகனப் பதிவோடு கட்டும் கட்டாயக் காப்புறுதி ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டும்தான். அயலவரின் கார்க் கதவுக்கும் வேலிக்கும் அதில் ஒரு சதமும் வராது. அதற்குத் தனிக் காப்புறுதி வேண்டும். வாடகை ரெயிலருக்குச் சேதம் வந்தால் யார் கட்டுவது என்பதையும் கையெழுத்து வைக்கும் முன்னரே கேளுங்கள்.

கொழுவும்போது பார்க்க வேண்டியவை: கொழுக்கியில் 50 என்று பொறித்திருந்தால் பந்தும் 50 மில்லிமீற்றராக இருக்க வேண்டும். பூட்டு விழுந்ததா என்று ரெயிலரின் மூக்கைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். கார் சேர்ந்து எழும்ப வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி. பின் லைற், பிறேக் லைற், இரு பக்கச் சிமிட்டு லைற். பல சிறிய ரெயிலர்களில் பின்னோக்கிப் போகும் வெள்ளை லைற் இல்லை, ஆகவே இருட்டில் அதனைப் பின்னோக்கி எடுப்பதைத் தவிருங்கள். காலையில் செய்யலாம்.

பழகுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெறுமையாகக் கிடக்கும் ஒரு பெரிய தரிப்பிடம் போதும். உரிமையாளர் ஆட்சேபிக்காத இடமாகப் பாருங்கள். வெறும் ரெயிலரோடு போங்கள். யன்னல்களை இறக்கி, வானொலியை நிறுத்துங்கள். முதல் அரைமணி நேரம் நேராகப் பின்னோக்கிப் போவது மட்டும், 20 மீற்றர், மறுபடி முன்னே வந்து மறுபடி 20 மீற்றர். தன்னியக்கக் கியர் வாகனத்தில் அக்சிலேற்றரை மிதிக்கவே வேண்டாம். பிறேக்கிலிருந்து காலை மெல்லத் தளர்த்தினாலே அது ஊரும், அந்த வேகம் போதும். பிறகு வெறும் கடதாசிப் பெட்டிகள் நாலை டிரைவ்வே அகலத்துக்கு, ஏறத்தாழ 3 மீற்றர் இடைவெளியில் வைத்து, வலப்பக்கமிருந்து வளைத்து அதற்குள் எடுங்கள். அதன்பின் இடப்பக்கமிருந்து. பெட்டி நசுங்கினால் வேறு பெட்டி வையுங்கள், பழக்கடையில் சும்மா தருவார்கள்.